முழுக்கில்லாத மழைக்காலம்

எங்கள் வீட்டில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து படுத்தார்கள் என்பது பொழுது விடிவதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். யாரும் ஒட்டுக்கேட்க வேண்டியதில்லை. சேர்ந்தவர்கள் தலையோடு முழுகினால்தான் தொழுகை கூடும். குளிப்பு முழுக்கு என்று அதற்குப் பெயர். ஈரத்தலையோடு அடுப்படிக்கு வருகிற மருமகளைப் பார்த்து இன்னொரு மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். முழுகாமல், தொழாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் ஒரு கேள்வி வரும்: "என்னடி, தொழுகை இல்லையா?" தொழுகை இல்லை என்றால் மாதவிலக்கு என்று அர்த்தம். அல்லாவுக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்கிற சமாசாரமெல்லாம் மட்டாஞ்சேரியில் எங்கள் கிணற்றடிக்கும் தெரிந்திருந்தது.

என் பெயர் ஜுமைலா. பாலக்காட்டிலிருந்து கொச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். மாமனாருக்கு மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கும் மிளகும் விற்கிற கடை. மூத்த மகன் மஜீத் அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டார். அவர் மனைவி ஷரீஃபா அக்காவுக்கு மூன்று பிள்ளைகள். இளைய மகன் ஜாபர் சாதிக் என் வீட்டுக்காரர். வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை. காலையில் படகேறிப் போனால் பொழுது சாயத்தான் வருவார். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. "மூணு வருஷமா தலை நனையுது, வயிறு நிறையலையே" என்று மாமி என் காதுபடவே சொல்வார். பாலக்காட்டில் தூரத்து உறவில் ஒரு பெண் இருப்பதாகவும் நடுநடுவே சொல்வார். நான் அடுப்பை ஊதிக்கொண்டு கேட்டுக்கொள்வேன்.

ஐம்பத்தேழாம் வருஷம் வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையோடு காய்ச்சலும் வந்தது. கப்பலில் வந்த காய்ச்சல் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கொச்சியில் காய்ச்சலைப் பனி என்பார்கள். ஒரு வாரத்தில் சந்து முழுக்கப் பனி. கடைகள் பாதி திறக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் இல்லாமல் இவருடைய கிடங்கையும் பூட்டிவிட்டார்கள். எங்கள் வீட்டில் முதலில் ஷரீஃபா அக்காவின் நடுப்பிள்ளை படுத்தது, பிறகு மஜீத் அண்ணன். மூன்று அறைகளில் ஒன்பது பேர் அடைந்து கிடந்தோம். வெளியே மழை, உள்ளே இருமல். ஜன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும், மூடினால் கஷாய வாடையில் மூச்சு முட்டும்.

மாமா ஒருநாள் லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகை முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டார். பெண்கள் நாங்கள் கதவுக்குப் பின்னால் நின்றோம்.

"இனி ஆம்பளைங்க முன்னறையில படுக்கட்டும், பொம்பளைங்க உள்ளாற. பனி இந்த வீட்டை விட்டுப் போற வரைக்கும் யாரும் தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. தலையில நீர் இறங்கினா பின்ன நெஞ்சுல கட்டிக்கும்" என்றார்.

ஒரு தகப்பன் வளர்ந்த மகன்களுக்கு இதைவிட நாகரிகமாக வேறெப்படிச் சொல்ல முடியும்? எல்லோருக்கும் புரிந்தது. ஷரீஃபா அக்கா என் இடுப்பைக் கிள்ளினாள். மாமி மட்டும் ஒரு விலக்குச் சொன்னார்: தொழுகை இல்லாத நாள் முடிந்த பெண்களுக்குத் தாமே வெந்நீர் போட்டு ஊற்றி, உடனே தலை துவட்டிவிடுவாராம். மற்றபடி ஒரு சொட்டுக் கூடாது.

அதோடு இவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழே பிரிந்துபோனோம். காலையில் கஞ்சிக் கிண்ணம் கைமாறும்போது விரல் படும், அவ்வளவுதான். அந்த விரல் பட்டதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் பக்கத்தில் படுத்தபோது இப்படி இருந்ததில்லை.

ஒருநாள் காலை பக்கத்துச் சந்திலிருந்து, பிணம் வைக்கிற சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்க நாலு பேருக்கு மேல் ஆள் இல்லை. கூடவே நடந்தவர்களும் தள்ளித் தள்ளி நடந்தார்கள். உள்ளே இருந்தது என் வயசுப் பெண். அவள் புருஷன் குடை இல்லாமல் நனைந்துகொண்டு போனான். நாளைக்கு நான் செத்தால் இவரைத் தொடாமலே அல்லவா செத்துப்போவேன் என்று மத்தியானம் முழுக்க அதே நினைப்பாக இருந்தது.

கஷாயத்துக்குச் சுக்கு எடுக்கப் பின்னால் சரக்கறைக்குப் போனேன். ஓடு ஒழுகுகிறது என்று மூட்டைகளை நகர்த்திப் போட இவர் வந்திருந்தார். மாமி மஜீத் அண்ணனுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளையோடு கண்ணயர்ந்திருந்தாள். மாமா முன்னறையில் ஓதிக்கொண்டிருந்தார். ஓட்டின் மேல் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது.

நான்தான் முதலில் அவர் கையைப் பிடித்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

"அத்தா இருக்காங்க" என்றார்.

"இருக்கட்டும். நான் செத்தா கூடத் தள்ளித்தான் நடப்பீங்களா?" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கினோம். பகல் வெளிச்சத்தில் நான் அவரைப் பார்த்தது அன்றுதான். கழுத்துக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பது கூட மூன்று வருஷமாகத் தெரியாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். நடுவில் சுக்குத் தூசி ஏறி அவருக்குத் தும்மல் வந்தது. அந்த வருஷம் யாராவது தும்மினால் வீடே எழுந்து வந்துவிடும். என் முந்தானையை அவர் மூக்கில் வைத்து அழுத்தினேன். சத்தம் வராமல் சிரித்து இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

"ஜாபரே! அஸர் ஆச்சு. ஒளு செஞ்சுட்டு வா" என்று பிற்பகல் தொழுகைக்குக் கூப்பிடும் மாமாவின் குரல் வந்தது.

அவர் முகம் வெளுத்துப்போனது. கை கால் முகம் கழுவுகிற ஒளு மட்டும் போதாது, குளிக்காமல் தொழக்கூடாது. குளித்தால் தலை காட்டிக்கொடுத்துவிடும். எனக்காவது ஒரு வழி இருந்தது. "நான் தொழுகை இல்லைன்னு சொல்லிடறேன். நீங்க மழையில நனைஞ்சுட்டதாச் சொல்லுங்க" என்று காதில் சொன்னேன். "அத்தா மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல எனக்கு வராது" என்றார். ஆண்களுக்குத் தொழுகை இல்லாத நாள் என்று ஒன்று கிடையாதே! இரண்டாம் தடவை கூப்பிட்டதும், அவர் சரக்கறைச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் தட்டி, அந்தத் தூசியை முகத்திலும் கையிலும் தடவிக்கொண்டார். அதற்குத் தயம்மும் என்று பெயர். தண்ணீர் கிடைக்காதவனுக்கும் தண்ணீர் பட்டால் நோய் முற்றுகிறவனுக்கும் கொடுத்த சலுகை. வானமே பிளந்து கொட்டிக்கொண்டிருந்த நாளில், நோய் நொடி இல்லாத மனுஷன், அதைச் செய்துவிட்டுப் போய்த் தகப்பனாரின் தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுதார்.

நான் சொன்னபடியே ஷரீஃபா அக்காவிடம் தொழுகை இல்லை என்றேன். சில நாள் கழித்து மாமி எனக்கு வெந்நீர் வைத்தார். நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்து, தம் கையாலேயே ஊற்றி, சாம்பிராணிப் புகையில் என் கூந்தலைப் பிரித்துப் பிரித்துக் காயவைத்தார். "உனக்கும் ஒண்ணு வந்துட்டா நான் ஏன் பேசப்போறேன்?" என்று அன்றைக்கு அத்தனை பிரியமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. ஏமாற்றுகிறோமே என்று இருந்தது.

அதற்குள் மாமாவுக்குக் காய்ச்சல் கண்டிருந்தது. நெஞ்சில் கட்டிக்கொண்டது. ஊசி போட வந்த டாக்டர் வாசலிலேயே உதட்டைப் பிதுக்கினார். மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் மாமா போய்விட்டார்.

மஜீத் அண்ணன் அதே முன்னறையில் வாரக்கணக்காக இருமிக்கொண்டு கிடந்தவர். அவர் நெஞ்சுக்கு எண்ணெய் தேய்த்தது மாமாதான். பேரப்பிள்ளையை மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டியதும் மாமாதான். காய்ச்சலுக்குக் குளித்தவன் குளிக்காதவன் என்று பார்க்கத் தெரியுமா? ஆனால் இதை என் வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஃபாத்திஹாவுக்குச் சோறு பொங்கிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்தார்.

"சுத்தமில்லாம அத்தா பக்கத்துல நின்னேன். அதுக்கப்புறந்தான் அவங்க படுத்தாங்க" என்றார்.

"ஏங்க, பைத்தியமா உங்களுக்கு?"

"அன்னைக்கு நடந்தது அம்மாவுக்குத் தெரியவே கூடாது ஜுமைலா. தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. சத்தியம் பண்ணு."

துக்க வீடு. நான் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கஞ்சிக் கிண்ணத்தைக் கூடக் கீழே வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார். படுக்கை கடையிலேயே என்று ஆகிவிட்டது.

மாமி உள்ளறையில் இத்தா இருந்தார். புருஷன் இறந்த பெண் நாலு மாதத்துக்கு மேல் அந்நிய ஆண் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். அந்த அறை வாசலில் வெள்ளைத் துப்பட்டியைத் திரையாகக் கட்டியிருந்தோம். திரைக்குள் அவர், திரைக்கு வெளியே நாங்கள். ஊரில் பனி குறைந்து கடைகள் திறந்துவிட்டன. எங்கள் வீடு மட்டும் திறக்கவில்லை.

எனக்கு வாந்தி வந்தபோது காய்ச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு ஷரீஃபா அக்காதான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததும் என்னைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கையை எடுத்துவிட்டாள். அவள் மனசுக்குள் கணக்கு ஓடுவது எனக்குத் தெரிந்தது.

மாமி என்னைத் திரைக்குள் கூப்பிட்டார். "என் கையால வெந்நி ஊத்துனேன். அதுக்கு முன்னேயும் பாய் தனித்தனிதான், அப்புறம் உங்க மாமா மௌத்தாகி அவன் கடையில படுக்கறான். மூணு வருஷமா இல்லாதது இப்ப எப்படி வரும்?" என்றார். பிறகு, "யாரு?" என்று கேட்டார்.

அந்த ஒரு சொல்லுக்கு நான் நின்ற இடத்திலேயே எரிந்துபோயிருக்கலாம். நான் தப்பிக்கச் சொன்ன பொய்யே என் கழுத்தில் சுருக்காக விழுந்திருந்தது. அன்று தொழுகை இல்லை என்று சொல்லாமல் இருந்திருந்தால், பாய் பிரிவதற்கு முன்பே தங்கியது என்று நினைத்திருப்பார்கள், இன்று கேள்வியே இல்லை. "உங்க மகனைக் கேளுங்க மாமி" என்று மட்டும் சொன்னேன். சத்தியம் செய்திருந்தேனே.

மகனைக் கேட்டார்கள். மகன் வாயில் கொழுக்கட்டை. மஜீத் அண்ணன் கேட்டபோது சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பேசாமல் இருந்ததையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். கட்டினவனே வாயைத் திறக்கவில்லையே, இனி என்ன வேண்டும்?

பாலக்காட்டிலிருந்து என் அண்ணனை வரச்சொல்லி ஆள் போயிற்று. அதுவரை என்னைச் சரக்கறையில் இருக்கச் சொன்னார்கள். காய்ச்சல்காரர்களுக்கு ஒதுக்கிவைத்திருந்த அலுமினியத் தட்டில் எனக்குச் சோறு வந்தது. அக்காவின் பிள்ளைகள் என்னிடம் ஓடி வந்தால் உள்ளிருந்து அதட்டல் வரும். ஊரில் பனி பிடித்த யாரையும் இவ்வளவு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கத்தான் இடம். கதவை வெளியே தாழிடவில்லை, ஆனால் தாழிட்ட மாதிரிதான் இருந்தது. திறந்து எங்கே போவேன்? அண்ணன் வீட்டுக்குப் போனாலும் வயிறு கூடவே வருமே.

அண்ணன் வருவதற்கு முன்தினம் சாயங்காலம் இவர் சரக்கறை ஜன்னலுக்கு வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று தரையைப் பார்த்தே பேசினார்.

"நீ அண்ணனோட போயிரு. அம்மா இத்தா முடியட்டும். மெதுவா நான் எல்லாத்தையும் பேசி, உன்னை வந்து கூட்டிக்கறேன்."

"அதுவரைக்கும் என் வயித்துல இருக்கறது யாரு பிள்ளை?"

"எனக்குத் தெரியுமே ஜுமைலா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? உங்கம்மா யாருன்னு கேட்டாங்க. ஊரு நாளைக்குக் கேக்கும். அது வளர்ந்து வந்து அதுவே கேக்கும்."

"அத்தாவைக் கொன்னவன்னு அம்மா என்னைப் பாத்தா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றார். அழுதார். எனக்கு இரக்கம் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஜன்னல் கம்பிக்குள்ளே கையை விட்டு அவர் தோளைத் தொட்டேன். நெருப்புப் பட்டதுபோல விலகினார். அப்போதுதான் எனக்கு மனசு விட்டுப்போனது. நான் தொட்டால் அவருக்குக் கிடத்தியிருந்த மாமாவின் மையித்துதான் ஞாபகம் வருகிறது. இனி எத்தனை வருஷம் ஆனாலும் அதுதான் வரும்.

மறுநாள் என் அண்ணன் முகமது இஸ்மாயில் வந்தார். முன்னறையில் அவரும் மஜீத் அண்ணனும் உட்கார்ந்தார்கள். இவர் ஓரமாகத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரைக்குப் பின்னால் மாமி. ஷரீஃபா அக்கா என் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். என் அண்ணனுக்குத் தலை நிமிரவில்லை. என்னைப் பெறாமல் பெற்று வளர்த்தவர், யாரிடமும் தலை குனியாதவர். அவர் என் பெட்டியைத் தூக்கக் குனிந்ததைப் பார்த்ததும் சத்தியமாவது ஒன்றாவது என்று ஆகிவிட்டது.

"பெட்டியை வைங்கண்ணே" என்றேன். திரையைப் பார்த்துத் திரும்பினேன். "மாமி, நான் தொழுகை இல்லைன்னு சொன்னது பொய். நீங்க தண்ணி ஊத்துனது அந்தப் பொய்க்குத்தான். பக்கத்துச் சந்துல அந்தப் பொண்ணு மௌத்தான அன்னைக்கு, பட்டப்பகல்ல, சரக்கறையில உங்க மகனும் நானும் ஒண்ணா இருந்தோம். நான்தான் கையைப் பிடிச்சேன். கட்டின புருஷன் கையைத்தான் பிடிச்சேன்."

மஜீத் அண்ணன் தரையைப் பார்த்தார்.

"ஜாபரே, நேருதானா? நெசமா?" என்று மாமி கேட்டார். இவர் தலையை ஆட்டினார். "ஆட்டறார் மாமி" என்று அக்கா திரைக்குள் பார்த்துச் சொன்னாள்.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மாமி நாற்பது வருஷம் தொழுகை தவறாதவர். திரைக்குள்ளிருந்து மறுபடியும் கேட்டார்:

"அன்னைக்கு அஸருக்கு நீ அத்தா பக்கத்துல நின்னியே மோனே. முழுகினியா?"

இவர் தூணில் நெற்றியை வைத்துக்கொண்டார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஜனாஸா எடுத்த அன்று கூட மாமி அப்படி அழவில்லை. "யா அல்லா, யா அல்லா" என்று சுவரில் தலையை முட்டுகிற சத்தம் கேட்டது. ஷரீஃபா அக்கா உள்ளே ஓடினாள்.

இவர் தூணை விட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "நான் தீவுக்குப் போறேன். கிடங்குலயே இருந்துக்கறேன்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது, இது திரும்பி வருகிற போக்கில்லை என்று.

மாமிக்கும் தெரிந்துவிட்டது. அழுகை சட்டென்று நின்றது. "அவனை விடாதீங்க! மஜீதே, பிடி!" என்று கத்தினார். காய்ச்சலில் கரைந்துபோயிருந்த மஜீத் அண்ணன் எழுவதற்குள் இவர் நடுவாசலுக்கு வந்துவிட்டார். திரை அசைந்தது, மாமியின் விரல்கள் துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்தன. முன்னறையில் என் அண்ணன் இருந்தார், அந்நிய ஆண். விரல்கள் அங்கேயே நின்றுவிட்டன. பிள்ளை போகிறான், நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம், அவரால் அந்தத் துணியைத் தாண்ட முடியவில்லை. "ஜுமைலா! மோளே! உன் புருஷனைப் பிடிடீ!" என்றார். மோளே, அதாவது மகளே என்று என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

நான் ஓடிப்போய் வாசல் கதவை மறித்து நின்றேன். இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டேன். இவர் என் எதிரே வந்து நின்றார். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

"வழி விடு" என்றார்.

"தலையை ஆட்டினா பத்தாது. வாயைத் திறந்து சொல்லுங்க. எங்கண்ணன் காதுல விழணும், உங்கம்மா காதுல விழணும், வெளிய நிக்கறவங்க காதுல விழணும்."

சந்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். குடையை மடக்கிக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்தார்கள். உள்ளே மாமி, "பேசாம அவன் கையைப் பிடிடீ! கையைப் பிடி!" என்று அரற்றிக்கொண்டிருந்தார்.

பிடித்திருக்கலாம். கை எட்டுகிற தூரத்தில்தான் நின்றார். பிடித்தால் உதறுவார் என்றும் தெரியும், உதறினாலும் இன்னும் இறுக்கிப் பிடித்தால் ஒருவேளை நிற்பார் என்றும் தோன்றியது. நின்று என்ன செய்வார்? என் முகத்தைப் பார்க்காமல் கஞ்சியை வாங்கிக் குடிப்பார். பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் தகப்பனை நினைப்பார். வயிற்றில் இருக்கிறதுக்கு ஒரு வார்த்தை வேண்டும். அதை மட்டும் வாங்கிக்கொண்டால் போதும் என்று இருந்தது எனக்கு.

"சொல்லுங்க" என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். சந்தில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "அவ வயித்துல இருக்கறது என் பிள்ளைதான்" என்றார்.

நான் நிலையிலிருந்து கையை எடுத்தேன். ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.